மூன்றாம் வரிசைக்குக் கிடைத்த பரிசு

போன வாரம் கதையைக் குளியலறைக் கதவருகே விட்டுவிட்டு வந்தோம். உள்ளே மூத்தவள். வெளியே, வாயில் பல் விளக்கும் பிரஷ்ஷோடு இளையவள். கதவு திறந்தபோது மூத்தவளின் முகம் வெளுத்துக் கிடந்தது. அவசர அவசரமாக இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றியும் வெள்ளைப் பீங்கானில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மிச்சமிருந்ததை இளையவள் பார்த்துவிட்டாள்.

"மாசக் கணக்குடீ" என்றாள் மூத்தவள்.

"அது போன வாரமே முடிஞ்சு போச்சேக்கா" என்றாள் இளையவள்.

ஒரே குளியலறையைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரண்டு மருமகள்களுக்கு நடுவில் இந்த மாதிரிப் பொய் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. கடைசியில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. வெள்ளிக்கிழமை வரை இளையவள் யாரிடமும் மூச்சுவிட மாட்டாள். இன்று வெள்ளிக்கிழமை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர்கள் கூடப் பிறந்தவர்கள் அல்ல; அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓர்ப்படிகள். மூத்தவளின் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் மாட்டுகிறவர். இளையவளின் கணவன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் அவன் நடமாட்டத்தைவிடப் போனில் அவன் இருமல்தான் அதிகம் கேட்கும். பெண்கள் இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், ஒரு பார்சல் கம்பெனியின் புகார் கூடத்தில். மூத்தவள் மூன்றாம் வரிசைக்குத் தலைவி. இளையவள் அதே வரிசையில் ஒன்பதாம் நாற்காலி. வீட்டில் ஓர்ப்படி, ஆபீசில் மேலதிகாரி. இரண்டு இடத்திலும் ஒரே ஆளிடம் திட்டு வாங்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பாள் இளையவள்.

"சொல்லிடவா?" என்றாள் அவள் இன்று காலை, அடுப்படிக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

"நாலு மணி வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு. உனக்குக் கோடிப் புண்ணியம்."

"நாலு மணிக்கு என்ன, நோவு டியூட்டி முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுமா?"

"நாலு மணிக்குக் கூட்டம். என் பேரை அறிவிக்கட்டும். அறிவிச்ச அடுத்த நிமிஷம் நானே உன் கையைப் பிடிச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட வரேன்."

இளையவள் எட்டி அவள் நெற்றியைத் தொட்டாள். "கொதிக்குதேக்கா."

"அடுப்புகிட்ட நிக்கறேன்ல."

"அடுப்பை இன்னும் பத்தவே வைக்கலையே."

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இடுப்புக்கு மேலே, முதுகின் வலப்பக்கத்தில் கத்தியால் குத்தியது போல வலித்தது. மேடையைப் பிடித்துக்கொண்டு, வலி போகிற வரை டப்பாவுக்கு மூடி தேடுகிறவள் மாதிரி குனிந்து நின்றாள்.

நாலு மணிக் கூட்டத்தில் கூடத்துக்குப் புதிய தலைவர் யார் என்று அறிவிக்கப் போகிறார்கள். ஆறு வரிசைகளுக்கும் மேலே ஒரு பதவி. காதில் ஹெட்போன் கிடையாது, கதவு வைத்த தனி அறை உண்டு, எப்போதும் பகல் ஷிஃப்ட். ஒன்பது வருஷம் அதே நாற்காலியைத் தேய்த்தவளுக்கு அதன் அருமை தெரியும். காய்ச்சல், லீவு என்று இந்த வாரம் வாயைத் திறந்தால் 'உடம்பு முடியாதவங்களை எதுக்கு மேலே கொண்டுபோய் கஷ்டப்படுத்தறது?' என்று கரிசனமாக ஒரு வார்த்தை சொல்வார்கள். அந்தக் கரிசனத்தில் முன்பு இரண்டு பேருக்குப் பதவி போயிருக்கிறது. வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழியை உடைக்க அவள் தயாராக இல்லை.

கணவர் தோளில் கருவிப் பையோடு வந்தார். வீட்டுக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். மற்றவர்கள் வைரத்தை அப்படிப் பார்ப்பார்கள்.

"நம்ம ஃபில்டருக்குப் புது கேண்டில் போட்டிருக்கேன். குடிச்சுப் பாரு."

மூத்தவள் டம்ளரை வாங்கி உதட்டில் வைத்து எடுத்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அதானே!" என்றார் அவர் திருப்தியாக. டம்ளரில் தண்ணீர் இம்மிகூடக் குறையவில்லை. ஊரெல்லாம் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிக்க வைக்கிறவர்தான்; தன் மனைவி பகலில் தண்ணீரே குடிப்பதில்லை என்பது அவர் கண்ணில் பட்டதில்லை. விளக்குக்கு அடியில்தானே இருட்டு. "சாயந்தரம் பெரிய ஆளா வருவ. தெருவுல நாலு வீட்டுக்குச் சொல்லிட்டேன்" என்று அவள் தோளில் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

"நாலு வீட்டுக்குச் சொல்லியாச்சாம்" என்றாள் இளையவள். "இனிமே செத்தாக்கூட நாலு மணிக்கு மேலதான் சாகணும்."

"வாயைக் கழுவுடீ."

* * *

புகார் கூடம் நீளமான ஒரே அறை. ஜன்னல்கள் உண்டு, கணினியில் வெளிச்சம் அடிக்கும் என்று திரைகளை இறக்கியே வைத்திருப்பார்கள். குளிர் கணினிகளுக்குத் தோதாக வைக்கப்பட்டிருக்கும், மனிதர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு நாற்காலி. பெயர் சொல்லிக் கூப்பிட நேரமில்லாததால் நாற்காலி எண்ணே பெயராகிவிட்டது. 'ஐந்துக்கு ஜலதோஷம்', 'பதினொன்றுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு' என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

'என் பார்சல் எங்கே?' இந்த ஒரு கேள்வியை ஊர் உலகம் எத்தனை விதமாகக் கேட்கும் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். சிலர் அழுவார்கள், சிலர் நான்கு தலைமுறையை இழுத்துத் திட்டுவார்கள். எல்லாருக்கும் ஒரே இனிப்பில் பதில் போக வேண்டும். கோபம் வந்தால் காட்டக் கூடாது. காட்டாத கோபம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? மூன்றாம் வரிசையின் இழுப்பறைகளைத் திறந்தால் போன இடம் தெரியும். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை, தலைவலிக்கு மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, கழுத்துக்குத் தைலம், மணிக்கட்டுக்குப் பட்டை. நான்காம் நாற்காலிக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பத்தாம் நாற்காலிக்கு மாதவிலக்கு மூன்று மாதமாகத் தள்ளிப் போகிறது, காரணம் நல்ல காரணமும் இல்லை. எல்லாருடையதையும் சேர்த்தால் தெருமுனையில் ஒரு மருந்துக்கடை திறக்கலாம்.

வரிசையின் தலைமாட்டில் ஒரு கொக்கி. அதில் ஒரு பச்சை அட்டை தொங்கும். நாற்காலியை விட்டு எழுந்தால் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருத்தி போயிருந்தால் அவள் திரும்பி வரும்வரை அடுத்தவள் காத்திருக்க வேண்டும். அந்த அட்டைக்குப் பெண்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட். கழிவறைக்குப் பெயர் வெளிநாடு. ஒரு ஷிஃப்டுக்கு ஆளுக்கு இரண்டு முறை வெளிநாடு போகலாம். போகாமல் விட்ட முறைகள் வரிசையின் மதிப்பெண்ணில் சேரும். சாப்பாட்டு இடைவேளை தனி. ஆனால் அப்போது மொத்தக் கூடமும் நாலே நாலு கழிவறைக்கு முன்னால் நிற்கும். நின்றால் சாப்பாடு இல்லை, சாப்பிட்டால் கழிவறை இல்லை.

மூத்தவள் இதற்குக் கண்டுபிடித்த வழி சுலபமானது. குடித்தால்தானே போக வேண்டும்?

"வணக்கம், உங்க பார்சல் பத்தி என்ன உதவி வேணும் சார்?" என்று இன்றும் தொடங்கினாள். எதிர்முனையில் ஒரு மனிதர், வெள்ளைக் குளியல் தொட்டி கேட்டதற்குக் குழந்தைக் குளியல் வாளி வந்திருப்பதாகக் கத்தினார். மூத்தவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்தியும் குளிர் விடவில்லை. ஆனால் குரல் மட்டும் பாகு மாதிரி வந்தது. காய்ச்சல் அவள் குரலில் ஏறாது. அது அவளுக்குப் பெருமை.

ஒன்பதாம் நாற்காலியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் கைமாறிக் கைமாறி அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தது. மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். இளையவள் யாருடைய பார்சலுக்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கண்ணால் 'குடிங்க' என்றாள். மூத்தவள் இரண்டு காய்ச்சல் மாத்திரையை ஒரே மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு மூடியைத் திருகி வைத்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் ஏழாம் நாற்காலியைப் பார்க்கப் போனாள். ஏழு மாதக் கர்ப்பிணி. எண்ணும் மாதமும் ஒத்துப்போய்விட்டதில் கேலிக்குப் பஞ்சமில்லை. குப்பைக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வீங்கிய கால்களை வைத்திருந்தாள்.

"ஏழு, காலையிலேர்ந்து நீ எழுந்ததையே பார்க்கலையே."

"பரவாயில்லக்கா."

"என்ன பரவாயில்ல? என் முறை ரெண்டையும் உனக்குத்தானே எழுதி வைக்கிறேன்? இன்னைக்கு நாலு தடவை போகலாம் நீ."

வரிசைத் தலைவி தன் முறையை வேறொருத்திக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. ஏழாம் நாற்காலி தாயாகப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து மூத்தவள் விட்டுக்கொடுத்து வந்தாள். தான் போகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கேட்டால் அதுதான் முழுக் காரணம் என்பாள்.

"நீங்க மட்டுமாக்கா?" என்றாள் ஏழாம் நாற்காலி. அவள் கண் கலங்கியிருந்தது. "ஆறு தன் முறையை எடுக்கறதே இல்ல. எட்டும் அப்படித்தான். நீ எழுந்திருக்கறப்ப அட்டை கொக்கியில இருக்கணும்டீன்னு சொல்லுது. ரெண்டும் மூணும்கூட அப்படித்தானாம். எல்லாரும் எனக்காக அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கறப்ப நான் மட்டும் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு எழுந்து போவேன்? கூச்சமா இருக்குக்கா. அதான் நானும் தண்ணியைக் குறைச்சுட்டேன்."

மூத்தவளுக்கு நெஞ்சு நிறைந்தது. என்ன நல்ல பிள்ளைகள்! ஒருத்திக்காக ஒரு வரிசையே விட்டுக்கொடுக்கிறது. வேறெந்த வரிசையில் நடக்கும் இது? இந்தப் பதவிக்குத் தன் வரிசையைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டே திரும்பினாள்.

நல்ல மனசுக்குக் கணக்கு வராது என்பது உண்மைதான். பதினோரு பேர் ஒருத்திக்காக விட்டுக்கொடுத்து, அந்த ஒருத்தி பதினோரு பேருக்காக விட்டுக்கொடுத்து, கடைசியில் அட்டை கொக்கியை விட்டு நகர்வதே அபூர்வமாயிற்று. அந்தக் கணக்கைக் கூட்டிப் பார்க்க வேறொருவர் இருந்தார்.

* * *

அவரைக் கூடத்தில் 'சிரிச்ச முகம்' என்பார்கள். மேலாளர். நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் அதே பல்வரிசை. நாலு மணிக்கு, இரண்டு ஷிஃப்டும் கூடத்தில் இருக்கிற நேரத்தில், போன்களையெல்லாம் காத்திருப்புப் பாட்டுக்கு மாற்றிவிட்டு மைக்கோடு நடுவில் வந்து நின்றார்.

மூத்தவள் முதல் ஆளாக நின்றாள். மாத்திரையின் வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. பற்கள் தந்தியடித்தன. ஒன்றோடொன்று மோதாமலிருக்க நாக்கை நடுவில் வைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற இளையவள் அவள் சால்வை நுனியைப் பிடித்திருந்தாள்.

"மூணு மாசமா முதலிடம், மூணாம் வரிசை!" என்றார் சிரிச்ச முகம். கைதட்டல். "மத்த வரிசை எல்லாம் இருக்கற முறையை ஒண்ணு விடாம தீர்த்துடறீங்க. மூணாம் வரிசை? பாதிக்கு மேல மிச்சம். அப்படியும் அவங்க வேலையில ஒரு குறை உண்டா? கிடையாது. நான் மேலிடத்துல போய் இதைக் காட்டினேன். அவங்க அசந்து போயிட்டாங்க. அதனால ஒரு முடிவு. திங்கட்கிழமையிலேர்ந்து எல்லா வரிசைக்கும், ஆளுக்கு ஒரே முறை. ஒண்ணு போதும்னு நாங்க சொல்லலை. உங்க கூட்டாளிங்க நிரூபிச்சுக் காட்டியிருக்காங்க."

கைதட்டல் பாதியில் நின்றது. ஐந்தாம் வரிசையிலிருந்து யாரோ, "பாவிங்களா" என்றார்கள். சத்தமாகச் சொல்லவில்லை; ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது.

"எப்படி சாதிச்சாங்கன்னு அவங்க தலைவியே சொல்லுவாங்க. அதுக்கப்புறம் இன்னொரு சந்தோஷச் செய்தி இருக்கு" என்று கண்ணைச் சிமிட்டி மைக்கை மூத்தவளிடம் நீட்டினார்.

இன்னொரு சந்தோஷச் செய்தி என்ன என்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு நிமிஷம் இனிக்க இனிக்கப் பேசினால் போதும், பதவி அவளுடையது. பேச வேண்டியதை அவள் நேற்றே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். ஒழுங்கு, ஒற்றுமை, உழைப்பு என்று மோனையெல்லாம் போட்டு.

மைக்கை வாங்கினாள். வாயில் ஈரமில்லை. ஏழாம் நாற்காலியைப் பார்த்தாள். அந்தப் பெண் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, திருடிப் பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்து நின்றாள். தன்னால்தான் இத்தனை பேருக்கும் ஒரு முறை போயிற்று என்று அவள் நினைப்பது மூத்தவளுக்கு அப்படியே விளங்கியது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

"நாங்க மிச்சம் பிடிக்கலை சார்" என்றாள்.

சிரிச்ச முகம் தலையாட்டினார், பணிவு என்று நினைத்து.

"எங்க வரிசையில ஒருத்தி வாயும் வயிறுமா இருக்கா. அவளுக்காக நாங்க விட்டுக்கொடுத்தோம். அவ எங்களுக்காக விட்டுக்கொடுத்தா. கடைசியில யாருமே போகலை. போகக்கூடாதேன்னு தண்ணியும் குடிக்கலை. அதான் நீங்க மேலிடத்துல காட்டினது. முதல்ல ஆரம்பிச்சது நான்தான். வேற யாரையும் திட்டாதீங்க." கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். இவ்வளவு பேர் முன்னால், ஆண்கள் இருக்கிற இடத்தில், இதைச் சொல்ல வேண்டி வரும் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் வெட்கத்தில் செத்திருப்பாள். "எனக்கு இப்ப காய்ச்சல் அடிக்குது. நாலஞ்சு நாளா யூரின்ல ரத்தம் போகுது. அதை மறைச்சுட்டுத்தான் இங்க நிக்கறேன். இப்படித்தான் சாதிச்சோம்."

அவள் குரல் கடைசிவரை இனிப்பாகவே இருந்தது. பழக்கம் அப்படி.

வாசலில் நின்ற காவலாளி தரையைப் பார்த்தார். சிரிச்ச முகம் ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, சிரிக்கவில்லை. பிறகு மைக்கை மெல்ல அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா? உடம்பு இந்த நிலைமையிலயும் லீவு போடாம வந்திருக்காங்க. இதுக்குப் பேர்தான் அர்ப்பணிப்பு. பலமா ஒரு கைதட்டல்!"

பாதிக் கூடம் தட்டியது. தட்டச் சொன்னால் தட்டிப் பழகிய கைகள். "மத்த அறிவிப்பு திங்கட்கிழமை" என்று அவர் முடித்தார். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த போன்கள் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தன. பெண்கள் நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள். யாரும் கொடி பிடிக்கவில்லை, நாற்காலியைத் தூக்கி வீசவில்லை. இளையவள் மட்டும் மூத்தவளின் கைப்பையையும் தன் கைப்பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாக வெளியே நடத்திப் போனாள். அவர்கள் பின்னாலேயே லிஃப்ட் வரை வந்த ஏழாம் நாற்காலி நின்று அழுதாள்.

* * *

"எத்தனை நாளா வலி?" என்றாள் டாக்டரம்மா, மூத்தவளின் முதுகில் லேசாகத் தட்டியபடி. லேசான தட்டுக்கே மூத்தவள் துள்ளிவிட்டாள்.

"ரெண்டு மூணு வாரமா சுரீர் சுரீர்னு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி எரிச்சல். அது வரும் போகும்."

"வந்து போகறதுக்கு அது என்ன விருந்தாளியா? கீழே இருந்த தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். அட்மிட் பண்றேன். என்ன வேலை பார்க்கறீங்க?"

மூத்தவள் கம்பெனி பெயரைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இந்த மாசம் உங்க கட்டடத்துலேர்ந்து நாலாவது ஆள் நீங்க. இதே கதை."

மூத்தவளும் இளையவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலாவது ஆளா? மற்ற மூன்று பேர் யார்? எந்த வரிசை? ஜலதோஷம், கல்யாணம் எல்லாம் தெரிந்த கூடத்தில் இது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அவரவர் தனியாக வந்து, தனியாக மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இனிமே மணிக்கொரு தடவை தண்ணி குடிக்கணும். அடக்கவே கூடாது" என்றாள் டாக்டரம்மா.

"நீங்க காலையிலேர்ந்து எத்தனை தடவை குடிச்சீங்க டாக்டர்?" என்று இளையவள் கேட்டுவிட்டாள். அவள் வாய் அப்படி.

மேஜை ஓரத்தில் சீல் உடைக்காத பாட்டில் ஒன்று இருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். "அடுத்த ஆளை அனுப்புங்க" என்று நர்ஸிடம் சொன்னாள்.

மூத்தவளின் கணவர் வந்தபோது அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, சலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை நடுவில் ஓடி வந்திருக்கிறார். முழங்கை வரை ஃபில்டர் கரித்தூள். கருவிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"சொன்னா வேலைக்கு அனுப்ப மாட்டீங்க."

"அனுப்பியிருக்க மாட்டேன்தான்" என்றார். கொஞ்ச நேரம் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தார். "காலையில தண்ணி நல்லா இருக்குன்னு சொன்னியே."

"சும்மா சொன்னேன்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. கரிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கறுப்பாயிற்று. மூத்தவளுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது. ஊசி இல்லாத கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இவருக்குத் தெரியாமல் வைத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

"பதவி போச்சு" என்றாள்.

"போனா மயிராச்சு" என்றார் அவர். கோபம் வந்தாலொழிய கெட்ட வார்த்தை பேசாத மனிதர். "சுவர் இருந்தாத்தான் சித்திரம். தெருக்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

டீ வாங்கி வருகிறேன் என்று போன இளையவள் டீ இல்லாமல் திரும்பி வந்தாள். கையில் போன். கட்டில் காலடியில் நின்று, உட்காரவும் இல்லாமல் போகவும் இல்லாமல் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாரு போன்ல?" என்றாள் மூத்தவள்.

"சிரிச்ச முகம்."

"என்னவாம்? நான் எப்படி இருக்கேன்னு கேட்டாரா?"

"கேட்டாரு. முதல்ல அதைத்தான் கேட்டாரு. ரொம்ப வருத்தப்பட்டாரு." ஆடு நனைகிறதென்று ஓநாய் வருத்தப்பட்ட கதை என்று மற்ற நாளானால் இளையவளே சொல்லியிருப்பாள். இன்று சொல்லவில்லை. "அப்புறம், கூடத்துக்குத் தலைவி வேணுமாம். மூணாம் வரிசையிலேர்ந்து போட்டாத்தான் மேலிடத்துக்கு நல்லா இருக்குமாம். உங்களுக்கு ஓய்வு வேணுமே, அதனால என்னை வரச் சொல்றாரு."

கணவர் நிமிர்ந்தார்.

"சும்மாவா?" என்றாள் மூத்தவள் படுத்தபடியே.

"திங்கட்கிழமை கூட்டத்துல நான் ரெண்டு வார்த்தை பேசணும். அக்காவுக்கு அன்னைக்குக் காய்ச்சல், என்ன பேசறோம்னு தெரியாம பேசிட்டாங்க, எங்க வரிசையில அப்படியெல்லாம் ஒண்ணுமில்லன்னு. வீட்டு ஆள் சொன்னா எடுபடுமாம்."

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. பதவி போனால் போகட்டும் என்று சற்று முன்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். அது பக்கத்திலேயே, தன் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும்போது அப்படி நினைக்க முடியவில்லை. பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பயனில்லை.

"நீ என்ன சொன்ன?"

இளையவள் அவள் முகத்தைப் பார்க்காமல் சலைன் பாட்டிலைப் பார்த்தாள். "சரின்னு சொல்லிட்டேன்."

"என்னம்மா இது?" என்று கணவர் எழுந்துவிட்டார். மடியிலிருந்த பை விழுந்து ஸ்பானர்கள் தரையில் உருண்டன. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள்.

"இருங்க மாமா. நான் மாட்டேன்னா நாளைக்கே அஞ்சாம் வரிசைக்காரியைப் போடுவாங்க. அவ ஒரு முறையையும் அரை முறையாக்கிடுவா." இளையவள் மளமளவென்று பேசினாள், இத்தனை நேரம் வாசலில் நின்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்த வேகத்தில். "ரெண்டு வார்த்தைதானேக்கா? சொல்லிட்டு அந்த அறைக்குள்ள போயிடறேன். பதவி கைக்கு வரட்டும். வந்ததும் முதல் வேலையா அந்த அட்டையைக் கழட்டி எறியறேன். உங்க மேல சத்தியம்."

மூத்தவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கள்ளமில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் நம்பித்தான் சொல்கிறாள் அந்தப் பெண். மூத்தவளுக்குக் கோபம் வடிந்து, அந்த இடத்தில் பயம் வந்தது.

"சத்தியம் எல்லாம் வேண்டாம்" என்றாள் மெதுவாக. "பதவி வந்ததும் முதல் வேலையா அந்த அட்டையைக் கழட்டணும்னுதான் நானும் ஒன்பது வருஷமா தண்ணி குடிக்காம உக்காந்திருந்தேன்."

இளையவள் வாயைத் திறந்தாள். அவள் கையில் போன் மறுபடியும் அடித்தது.